முகமறியும் கருவியை மாணவருக்கு விளக்க, மண்டையோட்டிலிருந்து தொடங்குவோம்

விமான நிலைய வாசலில் அடையாள அட்டைக்குப் பதில் முகத்தைக் காட்டி உள்ளே போகிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் அலுவலகத்துக்கு அலையாமல் வீட்டில் கைப்பேசி முன் அமர்ந்து உயிர்வாழ் சான்று தருகிறார்கள். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகம் படமெடுத்துச் சரிபார்க்கப்படுகிறது. சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் 2018-இன் இறுதியிலேயே முகம் பார்த்து வருகை பதியும் முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. முகமே சாவி ஆகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாவி எப்படிச் செய்யப்படுகிறது என்பதோ பெரும்பாலான மாணவருக்குத் தெரியாது.

இதனால் இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவியிருக்கின்றன. இயந்திரம் ஏமாறாது என்பது ஒன்று. அது வெறும் படம் பார்க்கும் வேலை, இதில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் உடைக்கக் கணினிப் பாடத்தைவிட உயிரியல் பாடமே நல்ல இடம். முகம் எதனால் ஆனது, அதில் எது நிலைக்கும், எது மாறும் என்று தெரிந்த மாணவருக்குக் கருவி எங்கே சரியாகச் சொல்லும், எங்கே தடுமாறும் என்பது பாதி புரிந்துவிடும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஓர் அளவுகோலும் பழைய செய்தித்தாள்களும் போதும்.

ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள்

செய்திகளில் குழப்பம் தொடங்குவது இங்கேதான். மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரால் சொல்கிறோம்.

1. முகத்தைக் கண்டுபிடித்தல். படத்தில் முகம் என்று ஒன்று இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. கைப்பேசி கேமராவில் முகத்தைச் சுற்றி வரும் சதுரம் இதைத்தான் செய்கிறது. யார் என்று அதற்குத் தெரியாது.

2. சரிபார்த்தல். "நான் இன்னார்" என்று ஒருவர் சொல்கிறார். ஏற்கெனவே பதிந்த அந்த ஒரு முகத்தோடு மட்டும் இப்போதைய முகத்தை ஒப்பிடுவது. கைப்பேசிப் பூட்டும் உயிர்வாழ் சான்றும் இந்த வகை.

3. தேடுதல். யாரென்றே தெரியாத ஒரு முகத்தை ஆயிரம், இலட்சம் முகங்கள் உள்ள பட்டியலில் தேடுவது. கூட்டத்தில் குற்றவாளியைத் தேடும் காவல்துறைக் கேமரா இந்த வகை.

இரண்டாவது, ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது. மூன்றாவது, ஒருவரைப் பலரோடு ஒப்பிடுவது. ஒப்பீடுகள் பெருகப் பெருகத் தவறுக்கான வாய்ப்பும் பெருகும். "கைப்பேசி என்னைத் தவறாமல் திறந்துவிடுகிறதே, காவல்துறைக் கருவி மட்டும் எப்படித் தவறும்?" என்று கேட்பவருக்கு இந்த வேறுபாடே முதல் பதில்.

பயோமெட்ரிக் என்பது இவற்றுக்கெல்லாம் மேலான பொதுப்பெயர். உடலின் ஒரு பண்பை அளந்து, அந்த அளவைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது. கைரேகை, கருவிழி, முகம், குரல், நடை எல்லாம் இதில் அடங்கும்.

முகத்தின் அடுக்குகள்

மாணவர்கள் தம் முகத்தைத் தாமே தொட்டுப் பார்ப்பதிலிருந்து பாடம் தொடங்கலாம்.

மண்டையோட்டில் 22 எலும்புகள். மூளையைச் சுற்றி 8, முகத்தில் 14. முகத்தின் பதினான்கில் தாராளமாக அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். கண்ணைச் சுற்றி விரலை ஓட்டினால் எலும்பு வளையம் தட்டுப்படும். அதுதான் கண்குழியின் விளிம்பு. கண்களுக்கு இடையே உள்ள தூரம், கன்ன எலும்பின் அகலம், நெற்றியின் சரிவு ஆகியவற்றைத் தீர்மானிப்பது இந்த அடுக்கு. வளர்ச்சி முடிந்தபின் முகத்தில் மிகக் குறைவாக மாறுவதும் இதுதான்.

இனி மூக்குத் தண்டின் மேலிருந்து கீழே விரலை இறக்கச் சொல்லுங்கள். பாதி வழியில் கடினம் போய் வளைந்து கொடுக்கும். எலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடம் அது. மூக்கின் நுனியும் காதும் குருத்தெலும்பால் ஆனவை. வயதாக ஆக இவை தொய்ந்து நீளும். தாத்தாவின் காது பெரிதாகத் தெரிவது வெறும் தோற்றமல்ல.

அடுத்து தசை. கையில் தசை ஓர் எலும்பிலிருந்து இன்னோர் எலும்புக்குப் போகிறது. முகத்தில் பாவனை காட்டும் தசைகள் பெரும்பாலும் எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. அதனால்தான் சுருங்கும்போது தோலையே இழுக்கின்றன. கன்ன எலும்பிலிருந்து வாயின் ஓரத்துக்கு இறங்கும் தசை இழுத்தால் புன்னகை. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை சுருங்கினால் கண் இடுங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஆணை தருவது ஏழாவது மூளை நரம்பான முக நரம்பு. பல்லைக் கடிக்கும்போது தாடை மூலையில் புடைக்கும் தசை வேறு வகை. அது மெல்லும் தசை. ஐந்தாவது நரம்பின் ஆணைக்கு உட்பட்டது. முக நரம்பு ஒரு பக்கம் செயலிழந்தால் வாய் கோணி, கண் மூட முடியாமல் போகும். ஆனால் அதே ஆள் மெல்ல முடியும். எலும்பு அப்படியே இருக்கத் தசை மட்டும் முகத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தசைக்கு மேல் கொழுப்பு, அதற்கு மேல் தோல். உடல் எடை, தூக்கம், நோய், வெயில், வயது எல்லாம் தம் கணக்கை எழுதுவது இந்த இரண்டு அடுக்குகளில்தான். எலும்பும் முற்றிலும் தப்புவதில்லை. பற்கள் விழுந்தபின் அவற்றைத் தாங்கிய தாடை விளிம்பு கரைகிறது. மூக்குக்கும் தாடைக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. பல் விழுந்த பாட்டியின் முகம் இளவயதுப் படத்தோடு ஒத்துப்போகாததன் பெரும்பங்கு இதனால்தான்.

இதைப் படித்தபின், பாஸ்போர்ட் படத்துக்கு ஏன் வாயை மூடி, பாவனை இல்லாமல் நேராகப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கேட்டால் மாணவரே பதில் சொல்வார். தசையின் வேலையைக் குறைத்து எலும்பின் வேலையைக் கூட்டுவதற்காக.

அளவுகோலும் செய்தித்தாளும்

இந்தப் பயிற்சிக்கு மாணவர்களின் படங்கள் தேவையில்லை, எடுக்கவும் கூடாது. எல்லோரும் அறிந்த ஒரு தலைவரின் நான்கைந்து படங்களைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். வேறொருவரின் படங்களும் அதே எண்ணிக்கையில் வேண்டும்.

1. ஒவ்வொரு படத்திலும் கண்களின் உள் மூலை, வெளி மூலை, மூக்கின் இரு புற விளிம்பு, வாயின் இரு ஓரம், மூக்கடி, தாடை நுனி ஆகிய இடங்களில் பேனாவால் புள்ளி வைக்கவும்.

2. உள் மூலைகளுக்கு இடையே, வெளி மூலைகளுக்கு இடையே, மூக்கின் அகலம், வாயின் அகலம், மூக்கடியிலிருந்து தாடை வரை என ஐந்து தூரங்களை மி.மீ. கணக்கில் அளக்கவும்.

3. படத்துக்குப் படம் அளவு வேறுபடும் என்பதால் ஒவ்வொரு தூரத்தையும் வெளி மூலைத் தூரத்தால் வகுக்கவும். இனி நம்மிடம் இருப்பது விகிதங்கள்.

4. அதே படத்தை இன்னொரு மாணவர் முதலாமவரின் எண்களைப் பார்க்காமல் அளக்கவும்.

நான்காவது படியைத் தவறவிடக் கூடாது. பாடத்தின் உயிர் அங்கே இருக்கிறது. ஒரே படத்தை இருவர் அளந்தாலே எண்கள் ஒத்துவராது. வாயின் ஓரம் எங்கே முடிகிறது என்று ஒருவர் நினைத்தது இன்னொருவருக்கு வேறாக இருக்கும். அடுத்து, ஒரே தலைவரின் சிரித்த படத்தையும் சிரிக்காத படத்தையும் ஒப்பிட்டால் வாயின் அகலம் பெரிதும் மாறியிருக்கும், மூக்கின் அகலம் கொஞ்சம் மாறியிருக்கும், கண்களின் உள் மூலைத் தூரம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எலும்போடு ஒட்டிய அளவு நிலைக்கிறது, தசையோடு ஒட்டிய அளவு அலைகிறது.

இப்போது கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும். ஒரே ஆளின் படங்களுக்குள் இருக்கும் வேறுபாடு பெரிதா, இரண்டு ஆட்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு பெரிதா? இரண்டாவது பெரிதாக இருந்தால்தான் அந்த அளவு அடையாளத்துக்கு உதவும். முகமறிதல் என்ற துறை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது.

இதோடு கேமராவின் குறும்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தூரத்தில் செல்ஃபி எடுத்தால் மூக்கு 30 செ.மீ.யிலும் காது 42 செ.மீ.யிலும் இருக்கின்றன. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெருக்கப்படுகிறது. அதே ஆளை 150 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால் இந்தப் பெருக்கம் 1.08 மட்டுமே. ஆள் மாறவில்லை, எலும்பு மாறவில்லை, விகிதம் மட்டும் மாறிவிட்டது.

அளவுகோலிலிருந்து 128 எண்களுக்கு

மாணவர்கள் செய்த இதே வேலையை 1880-களில் பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்தியோன் செய்தார். பிடிபட்ட ஒவ்வொருவரின் தலை நீளம், தலை அகலம், நடுவிரல், பாதம், காது என 11 அளவுகளை எடுத்து அட்டையில் பதிந்தார். வளர்ந்தவரின் எலும்பளவு மாறாது என்பதே அவர் முறையின் அடித்தளம். அளப்பவர் மாறினால் அளவும் மாறியதுதான் அவருக்கு வந்த சிக்கல்.

இன்னொரு சிக்கல் கணக்கு சார்ந்தது. ஐந்து அளவுகள், ஒவ்வொன்றிலும் பத்து நிலைகள் என்றால் 1,00,000 சேர்க்கைகள் வரும். இலட்சம் பேரைப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பெரிய தலை உள்ளவருக்குப் பெரும்பாலும் எல்லா அளவும் பெரிதாகவே இருக்கும். அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதோடு மனிதர்கள் பத்து நிலைகளிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, நடுவில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் சராசரியாக 63 மி.மீ. பெரும்பாலோர் 54-க்கும் 74-க்கும் இடையில் அடங்கிவிடுவார்கள். உலகமே அந்த 20 மி.மீ. இடத்தில்தான் நிற்கிறது.

பெர்தியோன் முறையைப் பின்னுக்குத் தள்ளியது கைரேகை. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையை அங்கே வகுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்கள். முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. வகுப்பில் இந்த இரு பெயர்களையும் கரும்பலகையில் எழுத வேண்டும்.

முகத்துக்கு மீண்டும் வாய்ப்பு வந்தது கணினியோடு. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் வுட்ரோ பிளெட்சோவும் அவர் குழுவினரும் படங்களில் கண், வாய், தலைமுடிக் கோடு ஆகியவற்றின் இடங்களை மனிதர் கையால் குறித்து, 20 தூரங்களைக் கணினிக்குக் கொடுத்து ஒப்பிடச் செய்தார்கள். தலை திரும்புதல், சாய்தல், ஒளி, பாவனை, வயது ஆகியவையே தடை என்று அப்போதே பிளெட்சோ எழுதினார். 1973-இல் கியோட்டோவில் தக்கியோ கனாடே புள்ளிகளைக் கணினியே கண்டுபிடிக்கும் முறையைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தந்தார்.

இன்றைய கருவிகள் மூக்கு இத்தனை மி.மீ. என்று அளப்பதில்லை. 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையை எடுத்துக்கொள்வோம். நரம்பு வலையமைப்பு எனப்படும் கணக்கிடும் நிரலுக்கு மும்மூன்றாகப் படங்களைக் காட்டுகிறார்கள். இரண்டு ஒரே ஆளுடையவை, மூன்றாவது வேறொருவருடையது. முதல் இரண்டுக்கும் நெருங்கிய எண்களையும், மூன்றாவதற்குத் தள்ளியிருக்கும் எண்களையும் தரும்வரை நிரல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பல கோடிப் படங்களில் இதைச் செய்தபின், எந்த முகத்தையும் 128 எண்களாக மாற்றித் தரும். அந்த வரிசைக்கு வார்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு வார்ப்புகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு வரம்புக்குள் இருந்தால் ஒரே ஆள், தாண்டினால் வேறு ஆள். செய்தித்தாள் பயிற்சியில் மாணவர் கேட்ட கேள்வியையே இந்த நிரலும் கேட்கிறது. எதை அளப்பது என்பதை மட்டும் தானே தேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் உடற்கூறு இனித் தேவையில்லையா? தேவை. எண்ணாக மாற்றும் முன் முகத்தை நேராக்க வேண்டும். அதற்குக் கண், மூக்கு, வாய்ப் புள்ளிகளைத்தான் கருவி தேடுகிறது. பரவலாகப் புழங்கும் ஒரு நிரல் 68 புள்ளிகளை வைக்கிறது. கருவி எங்கே தவறியது என்று பின்னோக்கிப் பார்க்கும்போதும் விடை பெரும்பாலும் உடலில்தான் கிடைக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவியின் விடை "ஆம்", "இல்லை" அல்ல. அது ஒரு தூரம். வரம்பை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பவர் மனிதர். வரம்பைத் தளர்த்தினால் அந்நியர் உள்ளே வருவார். இறுக்கினால் உரியவர் வெளியே நிற்பார். இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் வரம்பு எந்தக் கருவியிலும் இல்லை.

இரட்டையரும் மூன்று சாவிகளும்

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் முகத்தில் ஒத்திருப்பார்கள், ஏனெனில் எலும்பின் வடிவத்தில் மரபணுவின் கை ஓங்கியிருக்கிறது. கைரேகை வேறு கதை. கருவில் ஏறத்தாழ மூன்றாம் மாதம் முதல் விரல் நுனியில் மேடுகள் உருவாகும்போது அங்கங்கே உள்ள அழுத்தமும் வளர்ச்சி வேகமும் கோலத்தை மாற்றிவிடுகின்றன. அதனால் இரட்டையரின் ரேகைகள் ஒன்றல்ல. கருவிழியின் இழைக்கோலமும் அப்படியே. ஒரே ஆளின் வலது, இடது விழிகளே வேறுபடும். 2017-இல் வந்த ஆப்பிள் கைப்பேசி 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி மேடுபள்ளத்தை அளக்கிறது. வேறொருவர் முகத்துக்குத் திறக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று என்று சொல்லும் அந்நிறுவனமே, இரட்டையருக்கும் ஒத்த முகமுள்ள உடன்பிறந்தோருக்கும் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்றும் சொல்கிறது.

பதின்மூன்று வயது ஏன்?

வளரும் முகம்

பிறந்த குழந்தையின் மண்டையோட்டில் மூளைப்பெட்டி பெரிது, முகம் சிறிது. முகத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு இடத்தை மூளைப்பெட்டி பிடிக்கிறது. பெரியவர்களிடம் அது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே என்று சுருங்கிவிடுகிறது. மூளைப்பெட்டி முந்தி வளர்ந்து முடிக்க, முகம் பின்னால் நிதானமாக வளர்வதே காரணம்.

முகத்துக்குள்ளும் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கண் விழியின் விட்டம் பிறக்கும்போதே ஏறத்தாழ 17 மி.மீ., பெரியவரிடம் 24 மி.மீ. அதனால்தான் குழந்தைக்குக் கண் பெரிதாகத் தெரிகிறது. கீழ்த்தாடை கடைசியில் வளர்வது. பையன்களுக்குப் பதின்பருவத்தின் இறுதிவரை வளரும். நடுவே பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்க, தாடைகள் இடம் கொடுத்து நீள்கின்றன. முகம் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் நீண்டுகொண்டே போகிறது. மூக்குப் பாலம் எழும்புகிறது. கன்னக் கொழுப்பு குறைகிறது.

ஆறாம் வகுப்பில் எடுத்த படத்தோடு பத்தாம் வகுப்பு மாணவரை ஒப்பிடச் சொன்னால், பெரியவர் ஒருவரின் நான்காண்டு இடைவெளியைவிடக் கடினமான கேள்வியைக் கருவியிடம் கேட்கிறோம். மறுபக்கச் சிக்கலும் உண்டு. சிறுவயதில் எலும்பின் தனித்தன்மை இன்னும் துலங்காததால் வெவ்வேறு பிள்ளைகளின் முகங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன. ஒரே பிள்ளைக்குள் மாற்றம் அதிகம், பிள்ளைகளுக்கு இடையே வேறுபாடு குறைவு. செய்தித்தாள் பயிற்சியில் கண்ட கேள்விக்கு இரு பக்கமும் பாதகமான விடை.

நிஸ்ட் என்ற அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019-இல் 189 நிரல்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை, வேறொருவரைத் தவறாக "இவரே" என்று சொல்லும் பிழை குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் கூடுவதைப் பதிவு செய்தது. ஆதாரிலும் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குக் கைரேகை, கருவிழி எடுப்பதில்லை, படம் மட்டுமே. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் பயோமெட்ரிக் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. உடல் மாறுகிறது என்பதை விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பழைய படத்தை வைத்து வருகை பதியும் பள்ளிக் கருவிகளும் இதை ஒப்புக்கொள்ள வேண்டாமா?

தோலும் ஒளியும்

தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சுகிறது. கேமரா வெளிர்நிறத் தோலுக்கு ஏற்ப ஒளியைச் சரிசெய்தால் கறுத்த முகத்தில் நிழல் விவரங்கள் காணாமல் போகும். இதோடு, பயிற்சிப் படங்களில் எந்த முகங்கள் குறைவோ அந்த முகங்களில் நிரல் தேறாது. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக நிரல்களைச் சோதித்தது. கறுத்த தோலுள்ள பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போயிற்று. வெளிர்நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. மேலே சொன்ன நிஸ்ட் அறிக்கையிலும் பல நிரல்களில் மக்கள் குழுக்களுக்கு இடையே தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்கு வேறுபட்டது. கிழக்காசியாவில் உருவான சில நிரல்களில் கிழக்காசிய முகங்களுக்கு அந்த வேறுபாடு காணப்படவில்லை. குறை தோலில் இல்லை, எதைக் காட்டி நிரலை வளர்த்தோம் என்பதில் இருக்கிறது என்று மாணவருக்குச் சொல்ல இந்த ஒரு விவரம் போதும்.

99 சதவீதம் என்றால் எவ்வளவு?

விளம்பரங்களில் வரும் "99 சதவீதத் துல்லியம்" கணக்கு வகுப்புக்குக் கிடைத்த நல்ல வீட்டுப்பாடம். எடுத்துக்காட்டுக்காக எண்களை வைத்துக்கொள்வோம்.

1. 1,000 பேர் படிக்கும் பள்ளி. வந்திருப்பவரை அடையாளம் காணாமல் விடும் பிழை 1 சதவீதம். நாளொன்றுக்கு 10 பேர் வந்தும் வராதவர் ஆவார்கள். 200 வேலைநாட்களில் 2,000 பொய்யான விடுப்புகள். அவை எல்லோருக்கும் சமமாகப் பிரியாது. கண்ணாடி அணிபவர், முகத்தில் தழும்புள்ளவர், கறுத்த தோலுள்ளவர் என்று சிலர் தலையிலேயே திரும்பத் திரும்ப விழும்.

2. திருவிழாவுக்கு 1,00,000 பேர் வருகிறார்கள். தேடப்படுவோரில் 5 பேர் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஐவரையும் கருவி பிடித்துவிடுகிறது. குற்றமற்றவரைத் தவறாகச் சுட்டும் பிழை 0.1 சதவீதம் மட்டுமே. அப்படியும் ஏறத்தாழ 100 அப்பாவிகள் சுட்டப்படுவார்கள். மணி அடித்த 105 முறையில் சரியானது 5.

இரண்டாவது கணக்கைப் போட்டு முடித்த மாணவரிடம், "கருவி சுட்டிக்காட்டியவர் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். 99.9 சதவீதம் என்று தொடங்கியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்ற விடைக்கு வந்து நிற்பார்கள். பொருத்தம் என்பது விசாரணைக்கான துப்பு, சாட்சியம் அல்ல என்பது அந்த இடத்தில் தானே விளங்கும்.

முகம் குணத்தைச் சொல்லாது

முகத்தை அளக்கச் சொல்லித்தரும் ஆசிரியர் ஓர் ஆபத்தை முன்கூட்டியே தடுக்க வேண்டும். முகத்தை அளந்து ஆளின் தரத்தைச் சொன்ன ஒரு காலம் இருந்தது. இத்தாலியில் சிசேர் லொம்ப்ரோசோ 1876-இல் பிறவிக் குற்றவாளிக்கென்று தாடையும் நெற்றியும் வகுத்தார். வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகல நீள விகிதத்தைச் சாதிப் படிநிலையோடு முடிச்சுப் போட்டார். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து பட்டியலிட்டார். அந்த அளவுகளிலிருந்து சாதியின் உயர்வு தாழ்வை நிறுவ முயன்றது அறிவியல் அல்ல. ஆனால் அறிவியலின் உடையில் வந்தது.

நம் ஊரில் சாமுத்திரிகா இலட்சணம் பார்ப்பவர்களும் முகத்திலிருந்து குணத்துக்குத் தாவுகிறார்கள். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியையும் வகுப்பில் யாராவது எடுத்துவிடுவார்கள். முகத் தசைகள் அந்நேரத்து உணர்வைக் காட்டக்கூடும், பிறவிக் குணத்தைக் காட்டும் எலும்பு எதுவும் இல்லை. அந்நேரத்து உணர்வும்கூட அவ்வளவு எளிதாகப் படிக்கக் கூடியதல்ல. புரியாதபோதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆழ்ந்து கேட்கும்போதும் புருவம் நெரிப்பார்கள். மாணவரின் கவனத்தை முகத்திலிருந்து அளப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் நிற்கும் தரை இவ்வளவு மெலிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, கல்விக்கூடங்களில் உணர்வறியும் கருவிகளை 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்துவிட்டது.

இதே காரணத்தால் வகுப்பில் மாணவர்களின் முகத்தை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடச் செய்யக் கூடாது. பதின்பருவத்தில் மூக்கைப் பற்றி யாரோ சொன்ன ஒரு சொல் ஆயுளுக்கும் தங்கிவிடும்.

பள்ளி முகத்தைக் கேட்டால்

கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது. பயோமெட்ரிக் பற்றிய சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் உடலியல் உண்மை இதுதான்.

ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ நகரில் ஒரு பள்ளி 22 மாணவர்களிடம் மூன்று வாரங்கள் முகம் பார்த்து வருகை பதிந்து பார்த்தது. 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு நகராட்சிக்கு 2,00,000 குரோனர் அபராதம் விதித்தது. சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையே அதிகாரம் சமமில்லாதபோது அந்தச் சம்மதம் சுதந்திரமானதல்ல என்றும், வருகை பதிய இவ்வளவு ஊடுருவாத வழிகள் இருக்கின்றன என்றும் அமைப்பு சொன்னது.

இந்தியாவில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2018-ஆம் ஆண்டு ஆதார் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. விலக்கு அளிக்கும் அதிகாரமும் அரசுக்கு அதிலேயே இருக்கிறது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. பெற்றோரும் மாணவரும் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

1. இது சரிபார்த்தலா, தேடுதலா? பிள்ளை தன் எண்ணைச் சொன்னபின் ஒப்பிடுகிறார்களா, வாசலில் நுழையும் எல்லோரையும் பட்டியலில் தேடுகிறார்களா?

2. படத்தைச் சேமிக்கிறார்களா, வார்ப்பை மட்டுமா? எங்கே, யாரிடம்? பள்ளியை விட்டுப் போனபின் அழிப்பார்களா?

3. வளரும் முகத்துக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பார்கள்?

4. வரம்பை யார் வைத்தார்கள்? எங்கள் பிள்ளைகளின் தோல் நிறத்திலும் வயதிலும் உள்ள முகங்களில் சோதித்தார்களா? சோதனை முடிவைக் காட்டுவார்களா?

5. முகம் தர விரும்பாத பிள்ளைக்கு வேறு வழி உண்டா? அந்த வழியில் வரும் பிள்ளை தனி வரிசையில் நிற்க வேண்டியிருக்குமா?

6. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கருவி "வரவில்லை" என்று பதிந்தால், ஆசிரியர் அங்கேயே அப்போதே அதை மாற்ற முடியுமா, அல்லது மேலிடத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டுமா?